மச்சினன் கப்பலின் பித்தளை வேலி

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர், திடீரென்று மனைவியிடம் சொன்னார்:

“உன்ற தம்பி கப்பலைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது.”

“பொம்மைக் கப்பலுக்காங்க?”

“ரெண்டு பேரும் வீட்டுல ஒட்டிச் செய்யற ஒரே மாடல்தான வாங்குனோம்? அவனுதுல பித்தளை வேலி சுத்தியும் நேரா நிக்குது. என்றதுல பாதியக் காணோம்.”

“நீங்க கம்பெனில துணி வெட்டற மாதிரி, பித்தளைத் தகட்டுல இருந்த வேலித் துண்டுகளை மொத்தமா வெட்டிக் குவிச்சீங்க. ஃபேன் போட்டதும் பறந்துருச்சு. அவன் ஒவ்வொண்ணா வெட்டி, அப்பப்ப ஒட்டுனானுங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“நான்தானுங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“வெட்டறதைப் பத்தி உங்களுக்கு யாருங்க சொல்ல முடியும்?”

பல்லடம் வந்தது. இறங்கும்போது மெதுவாகக் கேட்டார்:

“அவனும் ஒண்ணாவது தொலைச்சிருப்பானில்ல?”