ரெண்டாம் கேட்டு லாரி

கதவ மூடிக்கட்டுமா இன்ஸ்பெக்டர் சார்? இல்ல, உக்கார வேணாம், நின்னே சொல்லிடறேன். நான் துறைமுகத்து ரெண்டாம் கேட்டுல லாரி சோதிக்கிற ஆளு. ரெண்டு பக்கமும் மஞ்சத் தூண் நிக்குதுல்ல, அதுக்கு நடுவுல லாரி போகும். அணுக்கதிர் வீசுற சாமான் எதாச்சும் உள்ள இருந்தா மணி அடிக்கும். குண்டு வைக்கிறவன் கையில அது போய்ச் சேந்துடக் கூடாதுன்னுதான் அந்தத் தூணே.

ஆமா சார், தெனமும் அடிக்கும். அதான் வினையே. டைல்ஸ் போனா அடிக்கும், உரம் போனா அடிக்கும், அதுலயும் இயற்கையாவே கொஞ்சூண்டு கதிர் இருக்கு. எட்டு வருஷமா அடிக்குது, ஒரு நாளும் ஒண்ணும் இருந்ததில்ல. பின்னாடி நிக்கிற லாரிக்காரனுங்க வேற ஹாரன் அடிச்சு உயிர வாங்குவானுங்க. நாங்களும் பச்சை பட்டனத் தட்டி அனுப்பிடுவோம்.

இன்னிக்கு ஒம்பதரைக்கு ஒரு வெள்ளை லாரி. டைல்ஸ்னு பில்லு. மணி அடிச்சுது. தட்டிட்டேன்... தட்டிட்டேன் சார். அந்த டிரைவர் எனக்கு வணக்கம்கூட வச்சுட்டுப் போனான்.

அப்புறம் டீ குடிச்சுட்டே, அந்த லாரிக்கு ஸ்கிரீன்ல விழுந்த கோட்டப் பாத்தேன். டைல்ஸ்னா கோடு லாரி நீளத்துக்கும் பரவலா, மேடு மாதிரி ஏறி எறங்கும். இது அப்படி இல்ல. நடுவுல ஒரே எடத்துல, ஊசி நட்ட மாதிரி நெட்டுக்குத்தா நிக்குது. சின்னப் பெட்டி ஒண்ணு உள்ள இருந்தாத்தான் சார் அப்படிக் காட்டும். பயிற்சியில மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க.

இந்தாங்க, வண்டி நம்பரு. ஊருக்குள்ளதான் திரும்புச்சு. போனப் போடுங்க சார், மொதல்ல போனப் போடுங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்.

சொல்லிட்டீங்களா? எல்லா ரோட்டையும் மறிக்கிறாங்களா? இன்னும் கண்ணுல படலையா...

ஆமா சார், மணி பதினொன்றரை. நீங்க சொல்றது சரிதான், ரெண்டு மணி நேரம். டீ குடிக்க அவ்வளவு நேரம் ஆகாதுதான்.

என் வீடு ஊருக்குள்ள சார். மொதல்ல அங்க போயிட்டேன். பொண்டாட்டியையும் பொண்ணையும் மாமியார் ஊரு பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு அப்புறம்தான் இங்க வந்தேன். கெளம்பும்போது எதிர் வீட்டு அக்கா, கைப்புள்ளையோட வாசல்ல நின்னுட்டு, என்னடா தம்பி, குடும்பத்தோட எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டாங்க.

கல்யாணத்துக்குன்னு சொல்லிட்டேன்.