எங்கள் கடைசி உறுப்பினர்

காபி வேண்டாம் மேடம், குடித்தால் நெஞ்சைக் கரிக்கிறது. தண்ணீர் போதும். என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். வேகமாகப் பேச உடம்பில் தெம்பும் இல்லை.

எங்கள் நிறுவனம் அரசு மருத்துவமனைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுத்துவந்தது. படுக்கை விரிப்பு, அறுவை அங்கி, பிறந்த குழந்தையைச் சுற்றும் துணி எல்லாம் ரத்தமும் கறையுமாக வரும், மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். மடித்தவர்கள் பெண்கள். நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு, அத்தனை பேரும் ஒப்பந்தக் கூலி. என் அம்மாவும் அங்கே மடித்தவள்தான். தோள்பட்டை இறங்கிப்போனதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேற்பார்வையாளர் வாயால் சொன்னதோடு அவள் கதை முடிந்தது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அதே இடத்துக்குக் கணக்கு அதிகாரியாக வந்தேன். மனசில் வஞ்சம் வைத்து வந்தாள் என்று எழுதிவிடாதீர்கள். சம்பளத்துக்கு வந்தேன்.

ஓய்வூதியத் திட்டம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், நடந்தது முழுக்க அதனால்தான். எங்களைப் போன்ற அரசு சார்ந்த சின்ன நிறுவனங்கள் பலவும் சேர்ந்து ஒரே நிதியில் பணம் கட்டுகின்றன. ஒரு காலத்தில் நிரந்தர ஊழியர் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். பிறகு பிடித்தம் ஏறியது. சேருவது அவரவர் இஷ்டம் என்றும் ஆக்கினார்கள். புதிதாக வந்தவர்கள், கைக்கு வருவது வந்தால் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நிர்வாகங்களும் தங்கள் பங்கு மிச்சம் என்று வாயைத் திறக்கவில்லை. பழையவர்கள் ஓய்வு பெறப் பெற உறுப்பினர்கள் தேய்ந்துகொண்டே வந்தார்கள்.

இதில் ஒரு விதி உண்டு. பணியில் இருக்கும் உறுப்பினர் ஒருவராவது இருக்கிறவரை நிறுவனம் திட்டத்துக்குள் இருக்கும். அந்தக் கடைசி ஆளும் போய்விட்டால், நிறுவனம் வெளியேறிவிட்டதாகக் கணக்கு. நிதியில் தன் பங்குக்கு விழுந்த இத்தனை வருஷப் பற்றாக்குறையையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். எங்களால் அது முடியாது. பூட்டுதான்.

எங்கள் கடைசி ஆள் பாய்லர்காரர். அம்மாவோடு ஒரே ஷிஃப்ட் பார்த்தவர், அதனால் எனக்குச் சித்தப்பா. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து என்னைத் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை நிதியத்தின் கூட்டம் நடக்கும். மேடையில் இரண்டு கோடுகள் காட்டுவார்கள், ஒன்று உறுப்பினர்கள், ஒன்று நிறுவனங்கள். இரண்டும் மாடிப்படி மாதிரி இறங்கும். முந்தின வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர் இந்த வருஷம் இருக்க மாட்டார். சாப்பாட்டு வரிசையில் நாங்கள் குழந்தைகளை விசாரிப்பதில்லை, அவரவர் கடைசி ஆளை விசாரிப்போம். நூலகக் குழுவின் கணக்காளர் ஒருமுறை, "எங்க நூலகத்து அம்மாவுக்கு முட்டி மாத்தியாச்சு, இனி பத்து வருஷம் ஓடும். உங்க பாய்லர் எப்படி இருக்கு?" என்றார். "இருமுது" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

நான் சித்தப்பாவை நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன். கீழே பாய்லர் அறைக்கு மின்விசிறி போட்டுக் கொடுத்தேன், கை வைத்த நாற்காலி வாங்கினேன், மூட்டை தூக்க வேறு ஆள் வைத்தேன். மாத்திரை போட்டாரா என்று தினமும் கேட்பேன். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று மடிக்கிற பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மேலே என் அறைக்கு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"டாக்டர் போதும்னு சொல்லிட்டாரும்மா. நெஞ்சு தாங்காதாம். எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பிடலாமான்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?"

உடம்பு முடியாது என்று மருத்துவர் சொன்னால் முழு ஓய்வூதியமும் உடனே உண்டு. மற்ற நிறுவனத்தாருக்கு அதை வகுப்பெடுத்தவளே நான்தான்.

"இப்ப போனா பாதிதான் வரும் சித்தப்பா. வயசு முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுங்க."

"பாதியா?"

"பாதிதான்."

"படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு அவராகவே சிரித்தார். "வீட்டுல இருந்தா உன் சித்தி காய் நறுக்கச் சொல்லுவா. அதுக்கு இந்த பாய்லரே தேவலை."

அந்தப் பெண்களின் அடுப்பு எரிய வேண்டுமே என்றுதான் சொன்னேன். என் அம்மாவுக்குக் கிடைக்காத ஓய்வு இவருக்கு மட்டும் என்ன என்று நான் நினைத்ததில்லை. ஒரே ஒரு தடவை நினைத்தேன்.

மழைக்காலம் முடியும் சமயம், துணி ஈரமாகவே வருகிறது என்று ஒருத்தி வந்து சொன்னாள். நீராவி இறங்கியிருந்தது. கீழே போனேன். இரும்புப் படியின் அடியில் உட்கார்ந்த வாக்கில் சாய்ந்திருந்தார். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப வேணாம் சித்தப்பா" என்றேன். அதைப் பாசமென்று எடுத்துக்கொண்டார். என் விரல்களை அழுத்தினார். வண்டி வருவதற்குள் போய்விட்டார்.

சித்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு, பாதி என்றார்களே, அதுவாவது எனக்கு வருமா என்று உங்கள் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறாள். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நிறுவனத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்தப் பெண்கள் வேறு வேலை தேடுகிறார்கள். ஆமாம், தெரிந்தே பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் அவரைக் கொன்றது. எழுதிக்கொள்ளுங்கள்.

வேறு யாரையாவது சேர்த்திருக்கலாமே என்கிறீர்கள். சேர்த்திருக்கலாம். நிரந்தர ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும், நிர்வாகம் மறுக்க முடியாது. ஒப்பந்தப் பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது. லாரி ஓட்டுநரைக் கேட்டேன். "கிழவனாகறதுக்கு இப்பவே காசு கட்டணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேலாளருக்கு மகள் கல்யாணம். சித்தப்பாவையும் சேர்த்து நிரந்தர ஊழியர் நான்கு பேர்தான்.

நான்காவது நான்தான். எனக்கும் உரிமை இருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். யோசிக்காமல் இல்லை மேடம், ராத்திரியெல்லாம் யோசித்தேன். ஆனால் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிப்பார்கள். நான் வீட்டுக்கடன் வாங்கியிருக்கிறேன். எனக்கு அது கட்டுப்படியாகாது.