சத்தமில்லாத துவக்கு

"எங்க வீட்டுல துவக்குக்குச் சத்தம் கிடையாது," என்றாள் அக்கா.

இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கலேவெல போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும், ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்த தங்கையும். நான் பேப்பரை மடித்துவிட்டேன். பேச்சு, பிள்ளைகள் கம்ப்யூட்டரில் துவக்கால் சுட்டு விளையாடும் கேம் பற்றியது என்று பிறகுதான் புரிந்தது.

"அங்க அதே கேமை ரத்தத்தை எடுத்துட்டுத்தான் விக்கிறாங்க அக்கா. சுட்டா ஆள் சும்மா விழுவான். பிள்ளைங்க மனசு கெட்டுடுமாம்."

"ரத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இங்க தமிழ் வீட்டுக்குள்ள இருந்து வெடிச் சத்தம் கேட்டா என்ன ஆகும், சொல்லு. போன மாசம் மகன் மறந்துபோய்ச் சத்தமா வச்சிட்டான். சந்தியில காவலுக்கு நின்ன ஆமிக்காரங்க ரெண்டு பேரு வாசலுக்கே வந்துட்டாங்க."

"அப்புறம்?"

"கம்ப்யூட்டரைக் காட்டினேன். ஒருத்தன் சின்னப் பையன்தான், மகனை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். துவக்கைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான்."



"சத்தம் இல்லாம எப்படி விளையாடுறான்? என் மகன் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பிச் சுடுவான். பின்னால ஆள் வந்தா உன் மகனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். அதுக்கும் அந்த ஆமிப் பையனே வழி சொல்லிட்டுப் போனான். 'சத்தம் வைக்காத தம்பி, முதுகைச் சுவரோட வச்சிக்கிட்டு நில்லு. நாங்களும் அப்படித்தான் நிக்கிறோம்'னு."