ஸ்க்ரூவின் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு

எனக்குப் பாட்டுப் பிடிக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், தம்பி. உங்கள் அண்ணன் பழைய ரேடியோ வால்வுகளை வைத்துத் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபையரில் முதல் பாட்டு வந்த அன்று நானும்தான் கண்கலங்கினேன். அதன்பிறகு அவர் தினமும் அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். டீ வேண்டுமா என்று கேட்டால் உதட்டில் விரலை வைப்பார்.

அதைச் செய்துகொண்டிருந்த மாதங்களில்தான் நாங்கள் வாய் ஓயாமல் பேசினோம். அவர் ஒயர்களைப் பற்றவைப்பார், நான் டார்ச் பிடிப்பேன். "ஒரு கையைப் பின்னால வச்சுக்கோ. ஸ்விட்சை அணைச்சாலும் உள்ள கரண்ட் மிச்சம் இருக்கும்" என்று கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

வால்வுகளுக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் ரெகுலேட்டர் அடுப்பாய்ச் சுடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஓர் அலுமினியத் தகடு. இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கொஞ்சமாகத் தளர்த்தினேன், அவ்வளவுதான். நாலைந்து பாட்டுக்குள் ரெகுலேட்டர் சூடு தாங்காமல் தானே நின்றுவிடும். அவர் மூடியைத் திறப்பதற்குள் ஆறிப்போய், ஒன்றும் தெரியாத நல்ல பிள்ளைபோல் வேலை செய்யும்.

"அந்த டார்ச்சைக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்" என்றார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

பாவம், எதையெதையோ மாற்றிப் பார்த்தார். ஸ்க்ரூவை மட்டும் சந்தேகப்படவில்லை. இறுக்கியதும் அதன் தலையில் என் நகப்பூச்சை ஒரு சொட்டு வைப்பது அவர் வழக்கம். பூச்சு விரிசல் விடவில்லை என்றால் யாரும் தொடவில்லை என்று அர்த்தமாம். பூச்சு என்னுடையதல்லவா. அவர் எதையாவது மாற்றி இறுக்கிய ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டி, ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுப் புதிதாக வைத்தேன், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டுதான். அவர் பேச்சை நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்?

நீங்கள் கெட்டிக்காரர். "அண்ணி, ரெகுலேட்டர் கையைப் பொசுக்குது, தகடு ஜில்லுனு இருக்கு" என்று சொல்லிவிட்டு என் நகத்தைப் பார்த்தீர்களே, அப்போதே புரிந்துவிட்டது.

அவருக்கு மட்டும் புரியவில்லை. "என் கை போயிடுச்சு. இதையே சரிபண்ண முடியாதவன் ஆஸ்பத்திரி மெஷின்களைத் தொடலாமா?" என்று நேற்று என் மடியில் தலைவைத்து அழுதார். நாளைக்கு வேலையை விடப்போகிறாராம். தலையைக் கோதிவிட்டேன். என் மடியில் அவர் படுத்து எத்தனையோ வருடமாகிறது.

அதற்குள் உண்மையைச் சொல்லிவிடச் சொல்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். முதலில் அவர் வேலையை விட்டு வீட்டோடு இருக்கட்டும், நிதானமாக உட்கார்ந்து பேசலாம். இதில் எனக்கென்ன லாபம், எல்லாம் அவருக்காகத்தானே.

கடைப்பக்கம் போனால் இதே சிவப்பில் ஒரு நகப்பூச்சு வாங்கிவாருங்கள், தம்பி. இது தீரப்போகிறது.