பொதுநிதியால் கடல் கடந்து சிகிச்சை பெற வழிசெய்த எங்கள் கறார் அக்காவுக்கு

அன்பில் அன்னையே! அலுவலில் அரிமாவே! அயல்நாட்டில் உயிர் மீட்கப் பறந்த ஏழையரின் அருந்துணையே! முப்பதாண்டுகள் எம் பிரிவைத் தாங்கிய கண்காணிப்பாளரே! 'கறார் அக்கா' என்று இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்ததை, நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று முகத்துக்கு நேரே முழங்க அனுமதி தாருங்கள்!

உள்நாட்டில் இயலாத சிகிச்சைக்கு வெளிநாடு செல்லப் பொதுநிதி வழங்குவது நம் பிரிவின் பணி. கருணையோடு கொடுப்பவர் பலருண்டு. கண்விழித்துக் கொடுத்தவர் நீங்கள்! தையற்காரர் ஒருவரின் மனைவியே அதற்குச் சான்று.

தண்டுவடத்தில் கட்டி வளர்ந்து, கால்கள் மரத்துப் படுத்துவிட்ட மனைவிக்காக, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் பளபளக்கும் விளம்பரத்தை நம்பி வந்தார் அவர். கத்தியே வைக்காமல், ஊசியாலேயே கட்டியைக் கரைப்பதாக அங்கே சொல்லியிருந்தார்கள். நீங்களோ நம் அரசு மருத்துவமனையின் அறுவை நிபுணரிடம் விசாரித்தீர்கள். அப்படிக் கரைந்ததாக எங்கும் சான்றில்லை என்றார் அவர்.

"கையெழுத்தப் போட்டு அனுப்பிடுங்கம்மா. நம்ம கைக்காசா போகுது?" என்று சலித்துக்கொண்டார் மேலதிகாரி.

"காசு யாரோடதா இருந்தா என்ன சார், முதுகு அந்தப் பொண்ணோடது" என்றீர்கள்!

தையற்காரர் கொதித்துப்போனார். "உங்க வீட்டுல யாராச்சும் இப்படிக் கெடந்தா சும்மா உட்கார்ந்திருப்பீங்களா மேடம்?"

"எங்க வீட்டுல கெடந்தாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் தம்பி. ஆனா சும்மாவும் உட்கார மாட்டேன். நீங்க அவளப் பாத்துக்குங்க, நல்ல இடமா நான் பாக்குறேன்."

சொன்ன சொல் காத்த செம்மலே! அந்த நிபுணரின் துணையோடு, இத்தகைய கட்டிகளை அகற்றித் தேர்ந்த வேறொரு மருத்துவமனையைத் தேடிப் பிடித்தீர்கள். 'உயிர் பிழைப்பார்; நடப்பாரா என்று உறுதி கூற இயலாது' என்றார் அங்கிருந்த மருத்துவர். "ஒளிக்காமச் சொல்றாரு, இவரை நம்பலாம்" என்றீர்கள். மருத்துவக் குழுவின் முன் வாதாடி நிதி பெற்றீர்கள். படுத்த நிலையில் வருபவரை ஏற்ற மறுத்த விமான நிறுவனத்தை விடாமல் விரட்டி இணங்க வைத்தீர்கள். அறுவை நடந்த நாளில் நீங்கள் மதிய உணவைத் தொடவில்லை. பசியில்லை என்றீர்கள், நாங்கள் நம்பவில்லை!

மாதங்கள் கழிந்து, ஒரு காலை அத்தம்பதியர் நம் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். லிஃப்ட் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது. "வேணாம், அவங்கள நான் படியேறிப் போய்த்தான் பாக்கணும்" என்று கணவரின் தோளைப் பற்றியபடி, மூச்சு வாங்க, மூன்று மாடியும் ஏறி வந்தார் அப்பெண். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "மெதுவா, மெதுவா..." என்று அதட்டத் தொடங்கிய குரல் பாதியிலேயே உடைந்தது.

பெருமைக்குரியவரே! இனி வரும் ஆண்டெல்லாம் நலம் சூழ, புன்னகை நிறைய, நெடிது வாழ்க! மருத்துவமனை வாசலை நீங்கள் மிதிக்க நேர்ந்தால், அது பிள்ளை பெற்றவர்களை வாழ்த்துவதற்காக மட்டுமே ஆகுக!

உங்களோடு பணியாற்றினோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியப்போகும்,
நிதிப் பிரிவின் எழுத்தர்கள், கணக்கர்கள், ஓட்டுநர், வாயிற்காவலர்