எச்சில் படையல்

கடல் இன்னும் ரெண்டு பனை தூரம் தள்ளிக் கிடந்த காலத்துல, கோரைமுனைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல சிலம்பாயின்னு ஒருத்தி. புருசனைக் கடல் எடுத்துக்கிட்டுச்சு. ஒரே மக, பேரு பூவாடை.

ஒரு ஐப்பசியில கப்பல் ஒண்ணு பாறையில மோதி உடைஞ்சு, ஒரே ஒரு ஆளு கரை ஒதுங்கினானாம். எந்த நாடுன்னு கேட்டா கிழக்கே கையைக் காட்டுவானாம். கிழக்கான்னே பேரு வச்சுட்டாங்க. சிலம்பாயி வலை வைக்கிற கொட்டகையில அவனுக்குப் படுக்க இடம் குடுத்தா. கூழ் ஊத்துனா சட்டியைத் தூக்கி வாயில கவுத்துக்குவான். கருவாட்டைக் கண்டா மூக்கைப் பொத்துவான். பச்சை மீனை நறுக்கி அப்படியே திம்பான். "நம்ம பூனைக்கு ஒரு தம்பி வந்திருக்கான்டி"ன்னு பொம்பளைங்க சிரிப்பாங்களாம்.

மறு வருசம் சிரிப்பு நின்னு போச்சு. வலையில பேத்தை மீனைத் தவிர எதுவும் விழலை. தொட்டா வயித்தை ஊதிக்கிட்டு உருண்டையாகுமே, அந்தப் பேத்தைதான். விஷம். காக்கா கூடக் கொத்தாது. இழுத்தா பேத்தை. திரும்ப இழுத்தா பேத்தை. கரையெல்லாம் பேத்தை செத்துக் கிடக்கு, ஊரு பட்டினி கிடக்கு.

கிழக்கான் அதுல ஒண்ணை எடுத்தான். தோலை உரிச்சான். சினையை எடுத்தான், ஈரலை எடுத்தான், குடலை எடுத்தான், குழி வெட்டிப் புதைச்சான். சினைப்பை கிழிஞ்சுபோன மீனை முழுசாவே எறிஞ்சான். மிச்சத்தைக் கழுவிக் கழுவி ஆக்கினான். ஆக்கினதும் முதல்ல அவன் ஒரு துண்டு தின்னான். தின்னுட்டு முழங்கால்ல கையை வச்சுக்கிட்டு, பூவரச நிழல் நல்லா நகர்ற வரைக்கும் உக்காந்திருந்தான். அதுக்கப்புறம்தான் மத்தவங்களைக் கூப்பிட்டான். ஆக்கினவன் தன் உசிரைக் காட்டிட்டுத்தான் அடுத்தவனுக்குப் பரிமாறணும்கிறது அவங்க தேசத்து வழக்கமாம்.

அப்படித்தான் ஊரு தப்பிச்சுக் கிடந்துச்சு. தினமும் அவன் திம்பான். ஊரு அவனைப் பார்த்துக்கிட்டு நிக்கும்.

தை மாசம் ஊர்த் தலைவர் நம்புவேல் அம்பலம் ஒரு முடிவு சொன்னாராம். கரைக்காளிக்குப் படையல் போடணும், அவ மனசு குளிர்ந்தாத்தான் நல்ல மீன் வரும்னு. இருக்கிறது பேத்தைதானே, அதையே ஆக்குங்கன்னுட்டார். பெரிய அண்டா ஏத்தினாங்க. ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் மீன் அறுத்தாங்க. கிழக்கான் ஒவ்வொருத்தி கையையும் பார்த்துக்கிட்டு ஓடினான். எத்தனை கையைத்தான் பார்ப்பான்?

அந்த ஊரு முறை என்னன்னா, படையல்ல முதல் கவளம் ஒரு கன்னிப் பொண்ணுக்கு. அந்த வருசம் பூவாடைக்கு. தலைக்குக் குளிச்சு, ஈரச் சேலையோட இலைக்கு முன்னால உக்காந்திருந்தா.

சிலம்பாயி அண்டாவைக் கிண்டுறா. அகப்பையில மஞ்சளா ஒரு சவ்வு ஒட்டிக்கிட்டு வருது. சினையா? மசாலா திரண்டதா? தெரியலை. கிழக்கான்கிட்ட நீட்டினா. அவன் முகம் வெளுத்துப் போச்சாம். உடனே ஒரு துண்டை எடுத்து வாயில வைக்கப் போனான். நாலு ஆளு பாஞ்சு பிடிச்சுக்கிட்டாங்க. சாமிக்கு முன்னால வாய் வைக்கிறதா, படையல் எச்சிலாயிடாதான்னு.

சிலம்பாயி அம்பலத்துக்கிட்ட போனா.

"அண்ணே, அவன் தின்னு பாக்கட்டும். எனக்குச் சந்தேகமா இருக்கு."

"அம்மனுக்கு ஆக்கினது விஷமாகுமா தாயி? மகளுக்குக் கிடைச்ச பாக்கியத்தைப் பேசிக் கெடுக்காத."

அண்டாவைக் கவுத்திருக்கலாம். நல்ல குழம்பா இருந்துட்டா? ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. மகளை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அந்த இலையில இன்னொருத்தி மக உக்காருவா.

பூசாரி மணியைத் தூக்கினான். சிலம்பாயி அகப்பையை முக்கி எடுத்து, எல்லாரும் பார்க்கத் தின்னா.

அம்பலம் கம்பை ஓங்கிக்கிட்டு வந்தார். அவ மணல்ல உக்காந்து, முழங்கால்ல கையை வச்சுக்கிட்டா.

"அடிக்கிறதுன்னா அடிங்கண்ணே. நிழல் அந்தக் கல்லைத் தாண்டட்டும், அதுக்கப்புறம் அடிங்க."

கம்பு இறங்கலை. நிழல் கல்லைத் தொட்டுச்சு. ஒண்ணும் ஆகலை. பின் வரிசையில ஒரு கிழவன் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டானாம். எங்க ஆத்தாவுக்குப் பசி தாங்கலைன்னு சொல்லிப் பூவாடை சிரிச்சாளாம்.

அப்பத்தான் சிலம்பாயி சொன்னா. "உதடு மரத்துப் போச்சு."

பிறகு விரலும் மரத்துப் போச்சுன்னா. பிறகு மகளைக் கூப்பிடப் பார்த்தா, பேரு பாதியில நின்னுடுச்சு. கை முழங்காலை விட்டுச் சரிஞ்சுச்சு. மூச்சு இறங்கிக்கிட்டே போச்சு. கண்ணு மட்டும் தெளிவா இருந்துச்சாம். பொழுது சாயுற வரைக்கும் அந்தக் கண்ணு அம்பலத்தையே பார்த்துக்கிட்டிருந்துச்சாம். அவர் உக்காரவும் இல்லை, நகரவும் இல்லை.

குழம்பைக் குழியில கொட்டி மூடினாங்க. நல்ல மீன் எப்ப வந்துச்சுன்னு யாரும் சொல்றதில்லை.

கோரைமுனையில இன்னைக்கும் கல்யாணமோ கருமாதியோ, ஆக்கினவதான் எல்லாருக்கும் முன்னால ஒரு வாய் திங்கணும். காளிக்கும் அந்த எச்சில்தான் படையல். விருந்தாளியை உக்கார வச்சுட்டு இதென்ன மரியாதைன்னு வெளியூர்ச் சம்பந்தக்காரங்க முகம் சுளிப்பாங்க. பேத்தையை அங்க யாரும் தொடுறதில்லை, வெறும் சோறும் பருப்பும்தான். ஆனாலும் ஆக்கினவ தின்னுட்டு உக்காந்ததும் பந்தியில பேச்சு நின்னுடும். எல்லாரும் அவ உதட்டையே பார்த்துக்கிட்டிருப்பாங்க.