நீலத்துணி விளக்கு

— கையை வைக்காதீங்க அண்ணி. இப்பதான் அணைச்சேன், சூடு ஆறல.

— என்ன தாயே இது, விளக்குத் துணியில இவ்வளவு பெரிய ஓட்டை?

— உருகி ஒழுகிடுச்சு. இது பருத்தி இல்ல அண்ணி. நைலான்.

— பழந்துணி மூட்டையைப் பிரிச்சதும் ஒவ்வொண்ணுலயும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பியே. சாம்பலாச்சுன்னா வெச்சுக்குவோம், உருகி உருண்டை பிடிச்சா தூக்கிப் போடுவோம். இதைப் பார்த்தியா இல்லையா?

— பார்க்கல அண்ணி. அந்த நீலம் கண்ணைப் பறிச்சுது. தடவிப் பார்த்தேன், பருத்தி மாதிரியே இருந்துச்சு. அப்படியே கம்பிக் கூட்டுல வெச்சுத் தைச்சுட்டேன்.

— சரி, எல்இடி பல்பு தானே போடுவோம்? இன்னிக்குக் குண்டு பல்பை ஏன் மாட்டின?

— யாராவது மாத்திப் போட்டா என்ன ஆகும்னு பார்க்கத் தோணுச்சு.

— நல்லவேளை தோணுச்சு. இந்தத் துணியில எத்தனை விளக்கு செஞ்ச?

— ரெண்டு. இன்னொண்ணு குழந்தைங்க காப்பகத்துக்குப் போயிடுச்சு.

— பிள்ளைங்க தூங்குற அறைக்குன்னு கேட்டாங்களே, அதுவா? ஐயோ தாயே, போனை எடு.

— போன் வேண்டாம் அண்ணி. நான் நேர்ல போய்ப் பக்குவமாச் சொல்றேன்.

— நீ பஸ் பிடிச்சுப் போறதுக்குள்ள அது பத்திக்கிச்சுன்னா? கீழே பாயில படுத்திருக்குறது வாய் பேசத் தெரியாத பிஞ்சுங்க.

— வெளியே தெரிஞ்சா அப்புறம் நம்ம விளக்கை யாரு அண்ணி வாங்குவா?

— வாங்காட்டிப் போறாங்க. பழையபடி ரவிக்கை தைச்சுப் பொழச்சுக்கலாம். போனை ஏன் முதுகுக்குப் பின்னால ஒளிக்கிற? கொடு இங்க, நானே பேசுறேன். இந்தா, ஸ்பீக்கர்லயே வைக்கிறேன், நீயும் கேளு.

— ஹலோ, குழந்தைகள் காப்பகம், டீச்சர் பேசுறேன்.

— டீச்சர், விளக்குப் பட்டறையில இருந்து பேசுறேன். காரணத்தை அப்புறம் சொல்றேன், முதல்ல அந்த நீல விளக்கை அணைச்சுடுங்க.

— எப்பவோ கழட்டியாச்சும்மா. பல்பு ஃப்யூஸ் போச்சுன்னு ஆயா கையில கிடைச்ச குண்டு பல்பை மாட்டிட்டாங்க. துணி உருகிச் சொட்டி ஒரு பையனுக்குப் புறங்கை வெந்து பொத்துப்போச்சு. இப்ப கட்டோட விளையாடிக்கிட்டுத்தான் இருக்கான். நேத்தே போன்ல சொல்லி, இதே துணியில வேற விளக்கு இருந்தா யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னேனே. உங்க நாத்தனார் அழுதுக்கிட்டே சரின்னாங்க. உங்ககிட்டச் சொல்லலையா?